மேட்ரிட் கோயிலுக்குப் போய்த் திரும்பும் கார்

"ஏனுங்ணா, டெஸ்லா வாங்கறதுங்களா, ப்ரியஸ் வாங்கறதுங்களா? ஒத்த வார்த்தைல சொல்லிப்போடுங்க."

ஆஸ்கலூசாவில் வாடகை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கும் கொங்குநாட்டுத் தம்பி ஒருவர் போன நவம்பரில் போனில் கேட்டது. நான் இருப்பது பெல்லாவில். அயோவா மாநிலத்தில் பத்தாயிரம் பேர் சொச்சம் உள்ள ஊர். 1847-இல் டச்சுக்காரர்கள் வந்து அமைத்தது. மே மாதம் டியூலிப் திருவிழா, ஊர் நடுவே ஒரு பெரிய காற்றாலை, சுற்றிலும் மக்காச்சோளக் காடு, இரண்டு மூன்று பெரிய தொழிற்சாலைகள். அந்தத் தொழிற்சாலைகளின் புண்ணியத்தில் வட்டாரத்தில் நம் ஆட்கள் சில குடும்பம். தம்பியும் அப்படித்தான் வந்தார். தினமும் 18 மைல் ஓட்டி வந்து, 18 மைல் ஓட்டித் திரும்புகிறார்.

ஒற்றை வார்த்தைப் பதில் என்னிடம் இருந்தது. ஆனால் அது காரின் பெயர் இல்லை.

"கராஜ்" என்றேன்.

"கராஜுங்களா?"

"உங்க வாடகை வீட்டுல கராஜ் இருக்கா, அதுல என்ன சாக்கெட் இருக்கு, பிரேக்கர்ல என்ன நம்பர் எழுதியிருக்கு. அதைப் பாத்துச் சொல்லுங்க. கார் எதுன்னு அப்புறம் பேசலாம்."

அவர் கொஞ்சம் ஏமாந்துதான் போனார். மூன்று வாரமாக யூடியூபில் பார்த்ததெல்லாம் 0-விலிருந்து 60 மைல் வேகம் எத்தனை நொடியில் என்கிற கணக்கு. அந்த வேகத்துக்கு ஆஸ்கலூசாவில் வேலை இல்லை. முன்னால் ஒரு டிராக்டர் போய்க்கொண்டிருக்கும்.

பெருநகரத்தில் இருப்பவர்களுக்கு மின்கார் வாங்குவது வேறு கணக்கு. ஆபீஸ் பார்க்கிங்கில், மாலில், மளிகைக் கடையில் என்று எங்காவது செருகிக்கொள்ளலாம். சிற்றூரில் அப்படி இல்லை. 2021 கடைசியில் வந்த உள்கட்டமைப்புச் சட்டத்தில் வேகச் சார்ஜர்களுக்கு 500 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதன் விதிப்படி சார்ஜர்கள் பெரிய நெடுஞ்சாலை நெடுக 50 மைலுக்கு ஒன்று, சாலையிலிருந்து ஒரு மைலுக்குள். அப்படிப்பட்ட பெரிய நெடுஞ்சாலையான ஐ-80 எங்களுக்கு வடக்கே இருபத்தைந்து முப்பது மைல். அந்தப் பணம் எங்கள் ஊர் வழியாக வருவதாக இல்லை. 2025 தொடக்கத்தில் அதையும் சில மாதம் நிறுத்தி வைத்துவிட்டு, விதியைத் தளர்த்தி மறுபடி தொடங்கினார்கள்.

அப்படியும் இந்தப் பக்கத்து ஊர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொதுச் சார்ஜர்கள் உண்டு. நம்பிப் போகாதீர்கள். ஒரு ஜனவரி இரவு 19 சதவீதத்தோடு ஒரு கார் விற்பனைக் கடையின் வாசலுக்குப் போனேன், பெயர் வேண்டாம். செயலியில் பச்சை விளக்கு எரிந்தது. நேரில் போனால் பெட்டியைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பனி. பார்க்கிங்கை வழித்தவர்கள் அந்தப் பனியைக் கொண்டுவந்து கொட்ட இடம் பார்த்திருக்கிறார்கள், யாரும் வராத மூலையாக இது கிடைத்திருக்கிறது. கால் வைத்து ஏறிப் போய்க் கேபிளை எடுத்தேன். திரை உயிர் பெறவில்லை. ஹீட்டரை அணைத்துவிட்டு, இருக்கைச் சூட்டை மட்டும் வைத்துக்கொண்டு, 45 மைல் வேகத்தில் வீடு வந்து சேர்ந்தேன். பின்னால் வந்த பிக்கப் டிரக்குகள் எல்லாம் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ. அன்றிலிருந்து என் கணக்கு இதுதான்: சிற்றூரில் பொதுச் சார்ஜர் என்பது வழியில் இருக்கும் தெரிந்தவர் வீடு மாதிரி. இருந்தால் நல்லது, சாப்பாட்டுக்கு அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

ஆகவே முதலில் சுவர்.

சுவரில் என்ன இருக்கிறது

ஊரிலிருந்து மிக்ஸி தூக்கி வந்தவர்களுக்கு வோல்டேஜ் பாடம் தனியாக நடத்த வேண்டியதில்லை. 230 வோல்ட் மிக்ஸியை இங்கே 120 வோல்ட்டில் செருகினால் தேங்காய் அரைபடாது, முனகும். அதனாலேயே இந்த நாட்டில் 240 வோல்ட்டே கிடையாது என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இருக்கிறது. பிரேக்கர்கள் இருக்கும் வீட்டுப் பேனலுக்குள் வருவதே 240தான். அதைப் பாதியாகப் பிரித்து வீடெங்கும் 120 ஆக அனுப்புகிறார்கள். முழு 240 கிடைப்பது துணி உலர்த்தும் ட்ரையர், மின்சார அடுப்பு, ஏசி என்று சிலவற்றுக்குத்தான்.

காருக்கு முதல் வழி அந்தச் சாதாரண 120 வோல்ட் சாக்கெட். தொடர்ந்து பல மணி நேரம் இழுக்கும் எதற்கும் பிரேக்கர் அளவில் 80 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்பது இங்கே மின்சார விதி. 15 ஆம்ப் பிரேக்கர் என்றால் 12 ஆம்ப். 120-ஆல் பெருக்கினால் 1,440 வாட். மாலை ஆறு மணிக்குச் செருகிக் காலை ஆறுக்கு எடுத்தால் 17 யூனிட். கிலோவாட்-மணி என்று இங்கே நீட்டி முழக்குகிறார்களே, அது நம் யூனிட்தான். வழியில் வீணாவது போக பாட்டரியில் சேர்வது 14 யூனிட். கோடையில் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை மைல் ஓடும் காருக்கு அது 45, 50 மைல்.

தம்பிக்குத் தேவை 36. போதுமே!

மே மாதத்தில் போதும். ஜனவரியில் அதே யூனிட்டுக்கு இரண்டு மைல் ஓடினால் பெரிது. 36 மைலுக்கு 18 யூனிட் வேண்டும். சேர்வது 14, அதிலும் பாட்டரியைச் சூடாக்கவே கொஞ்சம் போய்விடும். தினமும் நாலைந்து யூனிட் துண்டு விழும். இங்கேதான் பெரிய பாட்டரியின் அருமை தெரியும். 65 யூனிட் பாட்டரி உள்ள கார் திங்களன்று நிரம்பிக் கிளம்பினால் வெள்ளிவரை தாக்குப்பிடித்து, சனி ஞாயிறு வீட்டில் நின்று விட்டதைப் பிடித்துக்கொள்ளும். மாதச் சம்பளக்காரன் கைமாற்று வாங்கி ஒன்றாம் தேதி அடைப்பது போல. 40 யூனிட் பழைய நிசான் லீஃபில் இந்த ஆட்டம் செல்லாது.

இரண்டாவது வழி ட்ரையர் சாக்கெட். 240 வோல்ட், 30 ஆம்ப். அதில் 24 ஆம்ப் இழுக்கலாம், 5.76 கிலோவாட். பத்து மணி நேரத்தில் 57 யூனிட். ட்ரையர் கராஜை ஒட்டிய அறையில் இருந்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் அது நிலவறையில் இருக்கும். (எங்களுக்கு வடக்கே உள்ள நியூட்டன்தான் மேடாக் வாஷிங் மெஷின், ட்ரையர்களின் சொந்த ஊர். கம்பெனி கைமாறி 2007-இல் ஆலையை மூடினார்கள். வட்டாரத்தில் எந்தப் பழைய வீட்டின் நிலவறைக்குப் போனாலும் ஒரு மேடாக் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும்.) ஒரே சாக்கெட்டில் ட்ரையரையும் காரையும் செருகி, துணி உலரும்போது காரை நிறுத்தி வைக்கும் தானியங்கிப் பிரிப்பான் விற்கிறார்கள். பரவாயில்லை, வேலை செய்கிறது.

மூன்றாவது, எல்லோரும் சொல்வது: 50 ஆம்ப் சாக்கெட், நீமா 14-50 (நீமா என்பது இங்கே சாக்கெட் வகைகளுக்கான தரப்பெயர்). 40 ஆம்ப் இழுக்கும், 9.6 கிலோவாட். 60 ஆம்ப் பிரேக்கரில் சார்ஜர் சுவர்ப்பெட்டியை நேராக வயர் பிணைத்து வைத்தால் 48 ஆம்ப், 11.5 கிலோவாட். பேனல் கராஜிலேயே இருந்தால் ஆயிரம் டாலர் முன்னே பின்னே முடியும். கராஜ் தனிக்கட்டடமாக இருந்து மண்ணைத் தோண்டிக் கேபிள் புதைக்க வேண்டும், பேனல் பழைய 100 ஆம்ப் என்றால் மூவாயிரத்துக்கு மேலும் இழுக்கும். சாக்கெட் வைப்பதாக இருந்தால் ஒன்றில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. கடையில் அடுப்புக்கென்று விற்கும் மலிவு சாக்கெட் ஒரு மணி நேரச் சமையலுக்குச் செய்தது. கார் எட்டு மணி நேரம் மூச்சுவிடாமல் இழுக்கும். நண்பர் வீட்டில் அப்படி ஒன்றை நான் பார்த்தேன்: வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, பக்கத்தில் போனால் கருகிய மீன் வாசனை. தொழிற்சாலைத் தரத்தில் தடித்த சாக்கெட் தனியாக உண்டு. அதை வாங்குங்கள், அல்லது சாக்கெட்டே இல்லாமல் நேர்ப்பிணைப்பு.

நாலாவது வழியை யாரும் சொல்வதில்லை. எனக்கு அதுதான் பிடித்தது. என் வீட்டில் இருப்பதும் அதுதான். கராஜில் உள்ள 120 வோல்ட் சாக்கெட் தனி பிரேக்கரில், தனி வயரில், வேறு எதற்கும் கிளை பிரியாமல் வந்தால், அது 20 ஆம்ப்புக்கான 12-ஆம் எண் வயராகவும் (எண் குறையக் குறைய வயர் தடிக்கும்) இருந்தால், அதே வயரை 240-க்கு மாற்றலாம். பேனலில் ஒற்றைப் பிரேக்கரை எடுத்துவிட்டு இரட்டைப் பிரேக்கர், சுவரில் நீமா 6-20 சாக்கெட். சுவரை உடைக்க வேண்டாம், கேபிள் இழுக்க வேண்டாம். அனுமதிச் சீட்டோடு எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை. 16 ஆம்ப், 3.84 கிலோவாட். பழைய வேகத்தைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். பத்து மணி நேரத்தில் 38 யூனிட். என் மனைவி நியூட்டனுக்குப் போய்வர 54 மைல். மூன்று குளிர்காலமாகக் காலையில் கார் நிரம்பியே நிற்கிறது. 50 ஆம்ப் வேண்டுமென்று பேசியவர்களிடம், "ராத்திரி மூணு மணிக்கே நிரம்பி என்ன பண்ணப்போகுது?" என்றுதான் கேட்டேன்.

சுவர்ப்பெட்டி, வயரிங் செலவில் 30 சதவீதம், அதிகபட்சம் 1,000 டாலர், மத்திய அரசு வரிக்கழிவாகத் தருகிறது. வருமானம் குறைந்த அல்லது நகர்ப்புறம் அல்லாத கணக்கெடுப்பு வட்டாரங்களுக்கு மட்டும். எனவே சிற்றூர்க்காரர்களுக்கு இது தோதானது. வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கலாம். ஆனால் 2026 ஜூன் 30-க்குள் பொருத்தி முடித்தவற்றுக்கு மட்டும்தான், அதற்குப் பிறகு கிடையாது. காருக்கே கொடுத்துவந்த 7,500 டாலரும், பழைய காருக்கான 4,000 டாலரும் 2025 செப்டம்பர் 30-ஓடு போயின.

காசுக் கணக்கு

இதைத் தம்பிக்காக ஒரு காகிதத்தில் போட்டபோது எனக்கே ஆச்சரியம். வருடத்துக்கு 12,000 மைல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் காலன் 3 டாலர், வீட்டு மின்சாரம் யூனிட் 13 சென்ட். அயோவாவில் அந்த அக்கம்பக்கம்தான், உங்கள் பில்லைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். குளிர், வீணாவது எல்லாம் சேர்த்து சுவரிலிருந்து எடுக்கும் ஒரு யூனிட்டுக்கு மூன்று மைல்.

காலனுக்கு 30 மைல் தரும் சாதாரணக் கார்: 400 காலன், 1,200 டாலர்.

50 மைல் தரும் ஹைப்ரிட் (பெட்ரோலும் பாட்டரியும் சேர்ந்து ஓட்டுவது, செருக வேண்டாம்): 240 காலன், 720 டாலர்.

மின்கார், வீட்டில் சார்ஜ்: 4,000 யூனிட், 520 டாலர். பெட்ரோல் வரி கட்டாததற்கு ஈடாக அயோவா மாநிலம் மின்காருக்கு வருடம் 130 டாலர் கூடுதல் பதிவுக் கட்டணம் வாங்குகிறது. ஆக 650.

செருகும் ஹைப்ரிட், நூற்றில் எழுபது மைல் மின்சாரத்தில், மிச்சம் பெட்ரோலில்: 364-உம் 216-உம், கூடுதல் பதிவு 65. ஆக 645.

பார்த்தீர்களா? ஹைப்ரிட், செருகும் ஹைப்ரிட், முழு மின்கார், மூன்றுக்கும் நடுவே ஓட்டும் செலவில் வருடத்துக்கு 75 டாலர்தான் வித்தியாசம். மின்காருக்கு ஆயில் மாற்ற வேண்டாம் என்று இன்னொரு நூறு நூற்றைம்பது சேர்த்துக்கொள்ளலாம். டயர் சீக்கிரம் தேயும் என்று அதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். "பெட்ரோல் செலவே மிச்சம்" என்று விற்பனையாள் சொல்வது பழைய பிக்கப் டிரக்கை விட்டு வருகிறவருக்குப் பொருந்தும். கரோலா ஹைப்ரிட் ஓட்டுகிறவருக்கு இல்லை.

இதே மின்காரை வீட்டில் செருக இடமில்லாமல் வேகச் சார்ஜரிலேயே ஓட்டினால்? அங்கே யூனிட் 50 சென்ட் அளவில் போகிறது; இந்த மாநிலத்தில் அதற்குள் யூனிட்டுக்கு 2.6 சென்ட் வரியும் உண்டு. 4,000 யூனிட்டுக்கு 2,000 டாலர். கூடுதல் பதிவுக் கட்டணம் சேர்க்காமலே சாதாரணப் பெட்ரோல் காரைவிட 800 டாலர் கூடுதல். மேலே சொன்ன பனிமேடு தனி. அபார்ட்மெண்டில் இருப்பவருக்கு என் பதில் இங்கேயே முடிகிறது. செருகாத சாதாரண ஹைப்ரிட் வாங்குங்கள், நிம்மதியாக இருங்கள்.

எந்தக் கார்

ஓட்டும் செலவு ஏறக்குறைய ஒன்று என்றால் வாங்கும் விலைதான் முடிவு செய்கிறது. அதனால்தான் நான் புது டெஸ்லாவைவிடப் பழைய ஷெவி போல்ட் பக்கம் சாய்கிறேன். 2020 முதல் 2023 வரையான போல்ட் ஒரு நிரப்புக்கு 259 மைல். விலை 15,000 டாலர் அக்கம்பக்கம். 2021-இல் பாட்டரி தீப்பிடிக்கும் அபாயம் என்று அத்தனை போல்ட்டையும் திருப்பி அழைத்தார்களே, அது பலரைப் பயமுறுத்தியது. வாங்குகிறவருக்கு அதுவே லாபமாகவும் ஆனது. பல பழைய போல்ட்களில் பாட்டரியையே புதிதாக மாற்றிக்கொடுத்து, அன்றிலிருந்து 8 வருடம் அல்லது 100,000 மைல் உத்தரவாதமும் தந்திருக்கிறார்கள். 2018 கார், பாட்டரிக்கு வயது நாலு. வண்டி எண்ணைக் கொடுத்தால் திருப்பி அழைத்த வேலை முடிந்ததா என்று நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்திலேயே பார்க்கலாம். பார்க்காமல் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். 2022-க்கு முன் போல்ட்டில் வேகச் சார்ஜ் வசதியைத் தனிக் காசுக்குத்தான் வைத்தார்கள். சார்ஜ் வாய் மூடியைத் திறந்து, வட்டச் சாக்கெட்டுக்குக் கீழே இரண்டு தடித்த துளைகள் உண்டா என்று கண்ணால் பாருங்கள். இல்லாவிட்டால் அந்தக் கார் எங்கே செருகினாலும் சட்டென்று நிரம்பாது.

போல்ட்டின் குறை, வேகச் சார்ஜிலும் மந்தம். உச்சமே 55 கிலோவாட்தான். ஹூண்டாய் அயோனிக் 5 தகுந்த சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு இருபது நிமிடத்தில் போகும். போல்ட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். மாதம் ஒருமுறை சிகாகோ பக்கம் போகிறவருக்கு இது சரிப்படாது.

பழைய லீஃப் இன்னும் மலிவு. வேண்டாம் என்பேன். அதன் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ என்ற ஜப்பானிய வகை. புதிதாக வைக்கும் சார்ஜர்களில் அந்தக் கேபிள் அருகிவருகிறது. 2023 மே மாதம் ஃபோர்டும் அடுத்த மாதம் ஷெவியின் தாய்க் கம்பெனி ஜிஎம்மும் டெஸ்லாவின் நாக்ஸ் வாய்க்கு மாறுவதாக அறிவித்தபோதே திசை தெரிந்துவிட்டது. 2026 மாடலாக வந்த புது லீஃப் வேறு பிறவி: 303 மைல் வரை, 30,000 டாலரை ஒட்டிய விலை, ஒரு பக்கம் பழைய வட்ட வாய், மறுபக்கம் நாக்ஸ் வாய். 2027 மாடலாகத் திரும்பி வந்த போல்ட்டும் 30,000-க்குள், 250 மைலுக்கு மேல், நாக்ஸ் வாய், வேகச் சார்ஜ் 150 கிலோவாட். புதிதுதான் வேண்டும் என்றால் இந்த இரண்டில் ஒன்று.

டெஸ்லா நல்ல கார்தான். நீண்ட பயணத்துக்கு அதன் சார்ஜர் வலையைப் போல் இன்னொன்று இல்லை. ஐ-80 வழியே சிகாகோ போனால் கோரல்வில், டேவன்போர்ட் என்று வரிசையாக நிற்கிறது. ஆனால் 2024 முதல் ஃபோர்டு, ஜிஎம் கார்களும் அடாப்டர் வைத்து அங்கே செருகுவதால் அதற்காகவே டெஸ்லா வாங்க வேண்டிய அவசியம் குறைந்துவிட்டது. சிற்றூரில் இன்னொரு பிரச்சினை: கார் நின்றுவிட்டால் ஆள் வேண்டும். ஷெவி, ஃபோர்டு, டொயோட்டா கடைகள் அரை மணி நேரத் தொலைவில் உண்டு. அவர்களிலும் மின்காருக்குப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று முன்னாலேயே போன் செய்து கேளுங்கள்.

வீட்டில் ஒரே கார்தான் என்றால்? ப்ரியஸ் ப்ரைம் என்ற செருகும் ஹைப்ரிட் (2025 மாடல் முதல் பெயரே ப்ரியஸ் ப்ளக்-இன் ஹைப்ரிட்). 13.6 யூனிட் பாட்டரி, 44 மைல் மின்சாரத்தில். சாதாரண 120 வோல்ட் சாக்கெட்டிலேயே 11 மணி நேரத்தில் நிரம்பிவிடும். எலக்ட்ரீஷியன் வேண்டாம், வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டாம். கடுங்குளிரில் பாட்டரி நிரம்பியிருந்தாலும் என்ஜின் தானே விழித்துக்கொள்ளும், சூட்டுக்காக. கோபப்படாதீர்கள். விலை 33,000 டாலருக்கு மேல் என்பதுதான் இடிக்கிறது.

பொங்கல் சோதனை

எங்கள் வட்டாரத்தில் எந்தக் காரையும் நான் சோதிப்பது ஒரே கேள்வியால்: மேட்ரிட் கோயிலுக்குப் போய்த் திரும்புமா? ஸ்பெயின் இல்லை, மாநிலத் தலைநகர் டெ மாயினுக்கு வடமேற்கே உள்ள சிற்றூர். முதல் எழுத்தை அழுத்தி மேட்-ரிட் என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். அங்கேதான் அயோவாவின் இந்துக் கோயில், மக்காச்சோளக் காட்டின் நடுவே. பெல்லாவிலிருந்து சுமார் 75 மைல். ஆஸ்கலூசாவிலிருந்து இன்னும் 18 சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோடையில் கேள்வியே இல்லை. ஆனால் நாம் கோயிலுக்குத் தவறாமல் போவது மார்கழியிலும் தையிலும். 2024 பொங்கல் ஜனவரி 15-இல் வந்தது. அன்றே அயோவாவில் அதிபர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் காக்கஸ் கூட்டங்கள். காக்கஸ் வரலாற்றிலேயே அதுதான் மிகக் குளிரான நாள். அதே நாட்களில் சிகாகோவில் சார்ஜர் வாசல்களில் மின்கார்கள் வரிசைகட்டி நின்றதைத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பக் காட்டியது. உறைந்த பாட்டரி வேகச் சார்ஜை ஏற்காது. முதலில் தன்னைச் சூடாக்கிக்கொள்ளும், அதற்கே நேரம் போய்விடும். அந்த வரிசையில் வீட்டில் செருக இடமில்லாத வாடகைக் கார் ஓட்டுநர்கள் நிறையப் பேர். எங்கள் வீட்டில் அன்று காலை என் மனைவி இரவுச் செருப்போடு கராஜுக்குப் போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே இருக்கை சூடு, கண்ணாடி தெளிவு. பெட்ரோல் பங்கில் கையுறையைக் கழற்றி அட்டையைத் தேய்த்து, இரும்புப் பிடியில் விரல் ஒட்ட நின்றவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும். எழுபத்தைந்து டாலர் கணக்கில் இது வராது.

ஏஏஏ என்ற அமெரிக்கக் கார் ஓட்டுநர் சங்கம் 2019-இல் வெளியிட்ட சோதனைப்படி, 20 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஹீட்டர் போட்டு ஓட்டினால் மின்கார்களின் தூரம் சராசரி 41 சதவீதம் குறைகிறது. போல்ட்டின் 259 அப்போது 153. பெல்லாவிலிருந்து போய்வர 150! மூன்று மைலை நம்பிப் பெருமாளை வேண்டிக்கொண்டு திரும்ப வேண்டும். எதிர்காற்று அடித்தால் அதுவும் இல்லை. தம்பிக்கு 186 மைல், நிச்சயம் போதாது. புது லீஃபுக்கே இழுபறிதான்.

அப்படியென்றால் தோல்வியா? நானும் முதலில் அப்படித்தான் எழுதி வைத்திருந்தேன். பிறகுதான் உறைத்தது: கோயிலுக்குப் போகிற யாரும் நேராக வீடு திரும்புவதில்லை. டெ மாயினில் இறங்கி, இந்திய மளிகைக் கடையில் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்கி, எங்காவது தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் வருவோம். டெ மாயினில் வேகச் சார்ஜர்கள் ஒன்றுக்கு நாலு இடத்தில் உண்டு, ஒன்று கெட்டிருந்தால் இன்னொன்று. போல்ட்டின் மந்த வேகத்திலும் முக்கால் மணி நேரத்தில் வீடு திரும்பத் தேவையானது ஏறிவிடும். சிற்றூர்க்காரனின் பொதுச் சார்ஜர் அவன் ஊரில் இல்லை, அவன் சாமான் வாங்கும் ஊரில் இருக்கிறது.

சிகாகோ பக்கத்து அரோரா பாலாஜி கோயிலுக்குப் போவதற்கு எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெட்ரோல் கார் நிற்கிறது. இரண்டு கார் உள்ள வீட்டுக்கு என் ஏற்பாடு இதுவே: ஒன்று மின்சாரம், ஒன்று பெட்ரோல். யார் தினம் அதிக மைல் ஓட்டுகிறாரோ அவருக்கு மின்சாரம்.

சில்லறை விஷயங்கள் இரண்டு. பெரும்பாலான மின்கார்களில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் ஒட்டும் பசை டப்பாதான். இங்கே பாதிச் சாலை சரளைக்கல். சரளையில் ஓட்டுகிறவர் ஒரு ஸ்டெப்னியும் ஜாக்கியும் வாங்கிப் பின்னால் போட்டுக்கொள்வது நல்லது. இன்னொன்று மின்வெட்டு. 2020 ஆகஸ்ட் 10-இல் அடித்த டெரேச்சோ சூறைக்காற்றில் சீடர் ராபிட்ஸ் பக்கம் சில இடங்களில் இரண்டு வாரம்வரை மின்சாரம் இல்லை. மின்கார்க்காரர்கள் முழித்தார்கள். பெட்ரோல் பங்கின் பம்பும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது என்பது மற்றவர்களுக்கும் அன்றுதான் தெரிந்தது.

இதையெல்லாம் சொல்லி முடித்து, "கராஜைப் பாத்தீங்களா?" என்று தம்பியிடம் மறுபடி கேட்டேன். வீட்டுக்காரர் ஒரு பாட்டியாம், எண்பது வயது. கேட்கக் கூச்சமாக இருந்ததாம். போன சனிக்கிழமை ஒருவழியாகக் கேட்டிருக்கிறார். கிறிஸ்துமஸ் அலங்காரப் பெட்டிகளை நகர்த்தச் சொல்லி, "என் கணவர் அங்கேதான் வெல்டிங் செய்வார்" என்றாராம் பாட்டி. சற்று நேரத்தில் எனக்குப் படம் வந்தது. சிலந்திவலைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு மூன்று துளைச் சாக்கெட். நீமா 6-50, வெல்டிங் மெஷினுக்கானது. பேனலில் இரட்டைப் பிரேக்கர், மேலே 50 என்று எழுத்து.

"அண்ணா, அம்பது ஆம்ப்புங்ணா! டெஸ்லாவே வாங்கிப்போடலாமுங்களா?"

"இருங்க தம்பி. உங்க அப்பா கிணத்து மோட்டாருக்கு வயர் இழுக்கறப்ப பிரேக்கரைப் பாத்தா வயர் எடுத்தார்? வெல்டிங் மெஷின் விட்டு விட்டு இழுக்கும். அதனால அதுக்கு மட்டும் பிரேக்கரைவிட மெல்லிசான வயர் போட விதியிலயே எடமிருக்கு. கார் விடாம இழுக்கும். வயர் கனம் பாக்கணும்."

மறுமுனையில் கொஞ்சம் மௌனம். பிறகு, "அட ஆமாங்ணா, ஒயரு சூடாயிப்போயிரும்" என்றார். பாட்டிக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் வியாழக்கிழமை வருகிறார். ஆறாம் எண் வயராக இருந்தால் ஒரு பேச்சு, பத்தாம் எண்ணாக இருந்தால் பிரேக்கரை 30-க்கு இறக்கி வேறு பேச்சு. எதுவானாலும் 15,000 டாலருக்கு கிரின்னெல் பக்கம் ஒரு 2020 போல்ட் விற்பனைக்கு நிற்கிறது. வாயின் கீழே இரண்டு துளை இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை.